சரிவு மனைக்குத் தாங்குசுவர்: தண்ணீருக்கு வழி விட்டால் சுவர் நிலைக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலும் மலையும் மிக நெருங்கி நிற்கின்றன. கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் கடற்கரையை விட்டுச் சிறிது தூரம் உள்ளே வந்தாலே நிலம் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. சமவெளி ஊர்களைப் போல வீடுகள் தெருவில் நெருங்கி நிற்பதில்லை. அவரவர் விளையிலேயே வீடும் இருக்கிறது. வீட்டைச் சுற்றிச் சில மூடு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் வாழை, மரச்சீனி, மரத்தில் படர்ந்த நல்லமிளகு என்று 20 சென்ட் நிலத்திலும் ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை பல விளைகின்றன.

இத்தகைய விளைகளில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது தாங்குசுவர். மேல்மனையின் மண் கீழ்மனையில் சரியாமல் காப்பதும், வீட்டின் பின்புறம் வெட்டிய மேட்டைத் தாங்குவதும் அதுதான். மண்ணாலும் கல்லாலும் எழுப்பும் வரப்புச் சுவரை இப்பகுதி மக்கள் கையாலை என்பார்கள். முன்பு கையாலை வைத்த இடங்களில் இன்று சிமென்ட் சுவர்கள் எழுகின்றன. ஆனால் பெருமழை பெய்யும்போது பல புதிய சுவர்கள் வயிறு தள்ளிச் சாய்கின்றன. சாயும் சுவருக்குக் கீழே வீடு இருந்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. 2021 நவம்பர் மாத மழையில் நாகர்கோவில்-திருவனந்தபுரம் ரயில் பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. ஆகவே மேட்டை வெட்டி வீடு கட்டுவோர் தாங்குசுவரைப் பற்றித் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

சுவரைத் தள்ளுவது எது?

சுவர் சாய்ந்தால், "கல் போதவில்லை, சிமென்ட் குறைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலான இடங்களில் உண்மையான காரணம் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரே ஆகும்.

ஒரு சிறிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். 5 அடி உயரமுள்ள கல் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியில் 3 அடி அகலமும் உச்சியில் ஒன்றே முக்கால் அடி அகலமும் இருந்தால், தரைக்கு மேலே அதன் எடை ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 670 கிலோ. நழுவாமல் அதைப் பிடித்து நிறுத்தும் உராய்வு இந்த எடையில் ஏறக்குறைய பாதி, அதாவது 335 கிலோ. பின்னாலுள்ள மண் தண்ணீர் தேங்காமல் வடிந்த நிலையில் இருந்தால், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 215 கிலோ விசையோடு சுவரைத் தள்ளும். சுவர் நிற்கும். அதே மண்ணில் உச்சிவரை தண்ணீர் தேங்கினால் தள்ளும் விசை சுமார் 460 கிலோ ஆகிவிடும். இது இரண்டு மடங்குக்கும் மேல். உராய்வு தோற்றுவிடும். பிறகு சுவரைக் காப்பது தரைக்குள் இறங்கியிருக்கும் அடித்தளம் மட்டுமே.

இங்குள்ள செம்மண்ணின் குணமும் கவனிக்கத்தக்கது. வேனிலில் இது மண்வெட்டிக்கே மசியாது. மண் அள்ளும் இயந்திரம் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போனாலும் மேடு அசையாமல் நிற்கும். "பாறை போன்ற மண், சுவரே வேண்டாம்" என்ற தவறான நம்பிக்கை இதனால்தான் வருகிறது. தொடர்ந்து மழை நீர் இறங்கினால் இந்த மண் தன் பிடிப்பை இழந்துவிடுகிறது. சில இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் வெண்களிமண் அடுக்கு இருக்கும். இறங்கும் நீர் அந்தக் களிமண்ணின் மேல் தங்கும். அதன் மேல் உள்ள மண் முழுவதும் வழுக்கி வந்துவிடலாம். வெட்டிய மேட்டில் வெண்களிமண் தெரிந்தால் அங்கு பொறியாளரைக் கேட்காமல் எதையும் கட்டக்கூடாது.

உப்புக் காற்றும் கம்பியும்

கடலோரத்தில் தண்ணீரோடு இன்னொரு பகையும் உண்டு. அது உப்பு. முட்டம், குளச்சல், மிடாலம், தேங்காப்பட்டணம் போன்ற ஊர்களில் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. கான்கிரீட்டில் மெல்ல ஊடுருவும் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கம்பியின் பருமன் குறையக் குறையச் சுவரின் வலுவும் போய்விடுகிறது.

கடலோரச் சூழலைக் 'கடுமையான' நிலை என்று இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 456 வகுத்துள்ளது. அங்குக் கம்பிக் கான்கிரீட் எம்.30 தரத்துக்குக் குறையக்கூடாது. கம்பியின் மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கடல்நீர்த் திவலை நேராகப் படும் இடத்தில் எம்.35 தரமும் 50 மில்லிமீட்டர் மூடலும் தேவை. வீட்டு வேலையில் சட்டியால் அளந்து, கண் மதிப்பில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் கலவையில் இந்தத் தரம் வருவது அரிது. கடல் மணலைக் கலந்துவிட்டால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும்.

கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. கன்னியாகுமரியை அடுத்த வட்டக்கோட்டை 18-ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அலை ஓரத்திலேயே அது இன்றும் நிற்கிறது. தன் எடையால் நிற்கும் கல் சுவருக்குக் கம்பி தேவையில்லை. துருவும் இல்லை. கருங்கல் கிடைக்கும் இம்மாவட்டத்தில் சாதாரண உயரத்துக்குக் கல் சுவரே சிறந்தது.

எந்த உயரத்துக்கு எந்தச் சுவர்?

3 அடிக்கு உட்பட்ட மேட்டுக்குச் சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கல் சுவர் போதும். வெட்டுக்கல்லும் பயன்படுத்தலாம். கெட்டியான, காற்றில் ஆறிய வெட்டுக்கல்லையே எடுக்க வேண்டும். கையால் உதிரும் கல்லை ஒதுக்கிவிடுவது நல்லது.

3 அடி முதல் 5 அடி வரை, தேர்ந்த கொத்தனார் இருந்தால் சாந்தில்லாத கருங்கல் அடுக்கே போதும். கல்லிடுக்குகள் வழியே தண்ணீர் தானாக வெளியேறும் என்பது இதன் பெரிய நன்மை. சாந்து வைத்துக் கட்டினால் நீர் வடிய ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

5 அடிக்கு மேற்பட்ட சுவரையும், வீடு, சாலை, கிணறு ஆகியவற்றின் பாரம் விழும் இடத்துச் சுவரையும் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் கட்டக்கூடாது.

உயரத்தைக் குறைப்பதே மிக மலிவான பாதுகாப்பு. உயரம் இருமடங்கானால் மண்ணின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகும். ஆகவே 6 அடி மேட்டை ஒரே சுவரால் தாங்குவதைவிட, 3 அடி உயரத்தில் இரண்டு சுவர்களாகப் பிரித்துப் படிவைப்பது மேல். இரண்டுக்கும் இடையே குறைந்தது 6 அடி இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் மேல் விழும். இடையிலுள்ள 6 அடிப் படி வீணாகாது. அன்னாசியும், சீமைக்கொன்றைக் கம்பில் ஏற்றிய நல்லமிளகும் அங்கு நன்றாக வரும்.

உள்ளே கம்பி இல்லாமல் ஒற்றைக் கல் கனத்தில் எழுப்பும் செங்கல் சுவரும் சிமென்ட் கல் சுவரும் மதிலாகலாம், தாங்குசுவர் ஆகா. மதிலுக்குப் பின்னால் பின்னொரு நாள் மண்ணை நிரப்பி மனையை உயர்த்துவது ஆபத்தான பழக்கம். கம்பிவலைப் பெட்டியில் கல் நிரப்பும் முறையும் இப்போது பரவிவருகிறது. தண்ணீர் வடிவதற்கு அது நல்லதுதான். ஆனால் வெறும் துத்தநாகப் பூச்சுக் கம்பி கடற்காற்றில் நீடிக்காது. பி.வி.சி. உறையிட்ட கம்பி வலையே வேண்டும்.

வானமும் அடுக்கும்

முதலில் வானம் தோண்ட வேண்டும். 5 அடிச் சுவருக்கு வானம் மூன்றரை அடி அகலமும் 2 அடி ஆழமும் இருப்பது நல்லது. இட்டு நிரப்பிய மண்ணில் அடித்தளம் போடக்கூடாது. கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். அடிமட்டம் மேட்டுப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். அடிக்கு 2 அங்குலம் தாழ்வு போதும். சுவர் அப்போது மேட்டின் மேல் சாய்ந்து நிற்கும்.

சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. 5 அடிக்கு 3 அடி வைப்பது பாதுகாப்பு. பின்புறம் நேராகவும், முன்புறம் அடிக்கு 3 அங்குலம் உள்வாங்கியும் எழும்ப வேண்டும். 4 அடி உயரத்தில் ஒரு மரச்சட்டம் செய்து, உச்சியைவிட அடி 12 அங்குலம் தள்ளி இருக்குமாறு ஆணி அடித்துக்கொண்டால், தூக்குக்குண்டை அதனோடு சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு வரியிலும் சாய்வைச் சரிபார்க்கலாம்.

கல் அடுக்குவதில் நான்கு விதிகளை மறக்கக்கூடாது.

ஒன்று, பெரிய கற்கள் அடியில் போக வேண்டும். பெரிய கல்லை முகப்பில் அழகுக்கு நிறுத்திவிட்டு உள்ளே சில்லுகளைக் கொட்டும் சுவர் சீக்கிரம் பிளக்கும்.

இரண்டு, கல்லின் நீளம் சுவரின் உள்ளே போக வேண்டும். முகத்தோடு படுத்திருக்கும் கல் எளிதில் கழன்றுவிடும்.

மூன்று, ஒரு வரியின் இணைப்புக்கு மேல் அடுத்த வரியின் இணைப்பு வரக்கூடாது. ஒரு கல் எப்போதும் இரண்டு கற்களின் மேல் உட்கார வேண்டும்.

நான்கு, 3 அடிக்கு ஓர் இடத்திலாவது முகப்பிலிருந்து பின்புறம்வரை செல்லும் நீளக்கல் போட வேண்டும். அவ்வளவு நீளமான கல் கிடைக்காவிட்டால் இரண்டு கற்களை ஒன்றோடொன்று பாதி ஏற்றி வைக்கலாம். முன்முகமும் பின்முகமும் பிரியாமல் பிடித்துவைப்பது இந்தக் கல்லே.

இவ்வாறு 30 அடி நீளம், 5 அடி உயரம், 2 அடி ஆழ அடித்தளம் உள்ள சுவருக்குச் சுமார் 566 கன அடி கல்வேலை வரும். கழிவையும் சேர்த்து 6 யூனிட் கல் வேண்டும். பின்புற நிரப்புக்கு ஒன்றரை யூனிட் உடைகல் தனி.

சாந்து வைத்துக் கட்டுவோர் 1 பங்கு சிமென்ட்டுக்கு 5 பங்கு மணல் சேர்க்கலாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் தரமான எம்-சாண்ட் பயன்படுத்தலாம். கலவைக்கும், 10 நாள் நனைப்புக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். கடலோரக் கிணற்று நீர் உவர்த்திருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். அடித்தளத்துக்கு மேல் அரை அடி உயரத்தில் தொடங்கி, 4 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்களை வெளிப்புறம் சரியுமாறு வைக்க வேண்டும். அடுத்த வரிசைக் குழாய்கள் முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே வரட்டும். மேல் பூச்சு பூசும்போது இந்தத் துளைகளை அடைத்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. வீட்டுக்காரர் அருகிலிருந்து கவனிக்க வேண்டிய வேலை இது.

சுவரின் முதுகுப் பக்கம்

வெளியே தெரியும் முகத்தைவிடத் தெரியாத முதுகே சுவரைக் காக்கிறது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே 1 அடி கனத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும். சுவர் ஒவ்வோர் அடி உயரும்போதும் இந்த நிரப்பும் கூடவே உயர வேண்டும். சுவர் முழுவதும் முடிந்த பிறகு மேலிருந்து கொட்டினால் மண்ணும் கல்லும் கலந்துவிடும்.

உடைகல்லுக்குள் மண் கரைந்து புகுந்தால் சில ஆண்டுகளில் வழி அடைபடும். அதைத் தடுக்க மண்ணை ஒட்டிப் பருமணலும் சிறு சல்லியும் கொண்ட ஒரு வடிகட்டி அடுக்கு வேண்டும். இதற்கென்று விற்கும் நெய்யாத செயற்கை இழைத் துணியைக் கட்டினால் வேலை எளிது. தென்னை நார் வலை இதற்கு ஏற்றதல்ல. அது மக்கிவிடும். வெட்டிய சரிவின் மேல் விரித்துப் புல் வேர்பிடிக்கும்வரை மண்ணைக் காக்க மட்டும் அது மிகவும் பயன்படும்.

நிரப்பின் உச்சியில் அரை அடிக்கு மண் போட்டுக் கெட்டியாக்கி, மழைநீர் நேராக உள்ளே இறங்காதபடி மூடிவிட வேண்டும்.

மேலிருந்து வரும் தண்ணீர்

சுவருக்குப் பின்னால் இறங்கும் நீரை வெளியேற்றுவது ஒரு வேலை. நீரை அங்கு வரவிடாமல் தடுப்பது அதைவிட முக்கியமான வேலை. 1,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் நீர் விழும். மேல்மனை வீட்டின் கூரை நீர் சுவருக்குப் பின்னாலேயே கொட்டுமானால் எந்தச் சுவரும் தாங்காது. கூரை நீரைக் குழாயில் பிடித்துத் தொட்டியிலோ, சுவரைத் தாண்டிய ஓடையிலோ சேர்க்க வேண்டும். சுவரின் உச்சிக்கு 3 அடி பின்னால், சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று வெட்டி, சுவரின் கோடியைச் சுற்றி நீரைக் கீழிறக்க வேண்டும். நீர் விழும் இடத்தில் கல் பரப்பாவிட்டால் சுவரின் கால் அரித்துப்போகும்.

விவசாய வேலைகளிலும் கவனம் தேவை. தென்னைக்குத் தொண்டு புதைப்பது ஈரம் காக்கும் நல்ல முறை. ஆனால் சுவரை ஒட்டிய தென்னைக்கு அதைச் செய்யக்கூடாது. தொண்டு மழைநீரை உறிஞ்சி வைத்து, சுவருக்குப் பின்னால் தொட்டி கட்டியது போல் ஆக்கிவிடும். சுவரருகே உள்ள தென்னைத் தடங்களையும் வாழைக்குழிகளையும் மழைக்காலத்துக்கு முன்பே மூடி மேடாக்க வேண்டும். கழிப்பிடக் குழி, உறிஞ்சுகுழி, மாட்டுத்தொழுவக் கழிவுக் குழி ஆகியவற்றையும் சுவரின் மேல்பக்கம் அமைக்கக்கூடாது.

எதை நடலாம்?

சுவரின் மேல்விளிம்பை ஒட்டி வெட்டிவேர் நடுவது சிறந்தது. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக 2 மீட்டருக்கும் மேல் இறங்கும். அரை அடிக்கு ஒரு தூர் வீதம் மழைத் தொடக்கத்தில் நட்டால் நெருங்கி வேலியாகும். வேருக்காக அதைத் தோண்டக்கூடாது. எலுமிச்சைப்புல்லும் அன்னாசியும் ஏற்றவை.

மரச்சீனியைச் சுவரிலிருந்து 4 அடிக்குள் நடக்கூடாது. கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி, அடுத்த மழைநீரைக் குடித்துவிடும். பலா, அயினி, தேக்கு போன்ற பெருமரங்களைத் தள்ளியே வளர்க்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் இம்மாவட்டத்தில் ஏராளமான மரங்கள் வேரோடு விழுந்தன. வேரோடு விழும் மரம் தன்னைச் சுற்றிய மண்ணையும் கிளப்பிவிடும். சுவர் விளிம்பில் ஏற்கெனவே பெருமரம் நின்றால் மழைக்கு முன் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைக்கலாம். மரத்தை வெட்டிய பின் வேரைப் பெயர்த்தெடுக்கக்கூடாது.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

இம்மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே இடவப்பாதிக்கு முன் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் சுவரைப் பார்க்க வேண்டும். வடிதுளைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வாய்க்காலில் சேர்ந்த மண்ணையும் சருகையும் அள்ள வேண்டும்.

மழையின்போது கீழ்க்காணும் அறிகுறிகள் தெரிந்தால் சுவர் ஆபத்தில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளுதல். மேல்மனைத் தரையில் சுவருக்கு இணையாக நீண்ட வெடிப்பு தோன்றுதல். துளைகளில் தெளிநீர் வந்தது மாறிக் கலங்கல் நீர் வருதல். கடும் மழையிலும் துளைகள் வறண்டிருத்தல். மரமோ கம்பமோ புதிதாகச் சாய்தல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கீழ்வீட்டில் உள்ளவர்கள் உடனே வெளியேறிவிட வேண்டும். சுவரை ஒட்டிய அறையில் இரவில் யாரும் படுக்கக்கூடாது. மழையிலேயே முட்டுக் கொடுக்கப் போவது உயிருக்கு ஆபத்து. மேலே உள்ள வெடிப்பில் தண்ணீர் இறங்காதபடி தார்ப்பாய் போட்டு மூடுவதும், அதையும் தொலைவிலிருந்து செய்ய முடிந்தால் மட்டும் செய்வதும் போதும். மீதியை மழை விட்ட பின் பார்க்கலாம்.

புதிய சுவர் கட்ட மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. கும்பப்பூ அறுவடையும் முடிந்திருக்கும். மண்ணும் கெட்டியாக இருக்கும். மேட்டை ஒரேயடியாக வெட்டாமல் 10 அடி நீளமாக வெட்டி, அந்தப் பகுதியில் சுவரை எழுப்பிய பிறகே அடுத்த பகுதியை வெட்ட வேண்டும். வெட்டிய மேட்டை மழைக்காலத்துக்குத் திறந்து விடக்கூடாது. மேல்மனைக்காரரும் கீழ்மனைக்காரரும் தொடக்கத்திலேயே பேசி, வடிநீர் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்துகொண்டால் பின்னால் வழக்கு வம்பு வராது. ஒருவர் செலவில் எழும் சுவராயினும் அது காப்பது இரண்டு வீடுகளையும்தான்.

விளைநிலச் சரிவுகளில் கல்வரப்பு, வடிகால் அமைப்பது பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், பயிர்த் தேர்வு பற்றித் திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றிலும் ஆலோசனை கேட்கலாம். எந்தச் சுவரைக் கட்டினாலும், கொத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மூட்டை சிமென்ட்?" என்பதல்ல. "பின்னால் இறங்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்?" என்பதே. அதற்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு வானம் தோண்டினால் போதும்.